அரைப் பிளேட்டுச் சந்தேகம்

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், எழுத்துச் சரிதானா என்று இன்னொருமுறை பார்க்கச் சொல்வாள். பார்த்துவிட்டுச் சரி என்றால், அதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறாய் என்று கேட்பாள். அப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே மேசையில் நின்று படித்தவள் நான். கொஞ்சம் எனக்கும் தொற்றியிருக்கிறது. அவள் இப்போது லண்டனில் இருக்கிறாள் என்கிறார்கள், குருநாகலில் இருக்கிறாள் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை.

நான் சாய்ந்தமருது. அவள் பல்கலைக்கழகம் போகும் வழியிலுள்ள நிந்தவூர். நான் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவளுக்காக இடம் பிடித்துக்கொண்டு போவேன். அவள் ஏறிவந்து, உட்காருவதற்கு முன்பு கேட்பாள்.

"இதுல முந்தி ஆரு இருந்த?"

"என்ட பை இருந்த."

"அதுக்கு முந்தி?"

அதற்கு முந்தி யார் இருந்தார்களென்று எனக்கு எப்படித் தெரியும். தெரியாது என்றால் பல்கலைக்கழகம் வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். கம்பியைக்கூட வெறுங்கையால் பிடிக்க மாட்டாள். தலையை மூடிய ஷோலின் நுனியைச் சுற்றித்தான் பிடிப்பாள். கூட்டமான பஸ்ஸில் கால் கடுக்க நிற்பவர்களுக்கு நடுவே ஒரு வெறும் இருக்கையைக் காத்துக்கொண்டு வந்தவள் என்று எனக்குக் கிடைத்த பார்வைகள் கொஞ்சமல்ல.

எங்கள் இருவருக்கும் பிரதான பாடம் இரசாயனவியல். துணைக்கு இன்னொரு பாடம் எடுக்க வேண்டும். மைனர் என்போம். கணிதம் எடுத்தால் தப்பிக்கலாம் என்று எல்லோரும் கணிதத்தின் பக்கம் ஓட, நாங்கள் சிலர் நுண்ணுயிரியலை எடுத்தோம். நான் எடுத்தது கணிதத்துக்குப் பயந்து. அவள் ஏன் எடுத்தாள் என்று கேட்டதற்கு, யோசிக்காமலே பதில் சொன்னாள்.

"மேஜராப் படிக்கிறவங்க கிருமியோட குடும்பம் நடத்தணும். மைனருக்கு சந்தேகப்பட்டா மட்டும் காணும்."

மேஜர்காரர்கள் எங்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை. அவர்களுக்கு இன்கியூபேட்டரில் மேல் தட்டுகள், எங்களுக்கு ஆகக் கீழ்த்தட்டு. குனிந்து, முழங்காலில் நின்றுதான் எங்கள் பிளேட்டுகளை எடுக்க வேண்டும். கிருமி வளர்க்கும் ஏகருக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அது. அவர்களுக்கு ஆளுக்கொரு முழுப் பிளேட்டு. மைனருக்கு அரைப் பிளேட்டு. பிளேட்டின் அடியில் பேனையால் நடுக்கோடு போட்டு, இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி எனக்கு என்று பங்கு பிரிப்போம். அவள் கோட்டைப் போட்டுவிட்டு, கோடு நடுவில்தான் இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பாள். "எதுக்கும் இன்னொருக்கா பாப்பம்" என்பாள். அந்த வார்த்தையை அவள் சொல்லாத நாள் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கன்டீனில் பிளேன்டீ குடிப்பதென்றால் நேரே குசினி வாசலில் போய் நின்று, தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கோப்பையைக் கையில் வாங்குவாள். கன்டீன்காரர் ஒரு நாள் பொறுமையிழந்து கேட்டார்.

"புள்ள, நீங்க என்ன சுகாதாரம் பாக்க வந்த பீ.எச்.ஐயா?"

"இல்ல, மைனர்."

அவர் அதை ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து அவளைக் கண்டால் கேத்தலை இன்னொருமுறை அடுப்பில் ஏற்றுவார்.

சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். அவளுடைய பெட்டியைத் திறந்தால் நெய்யும் ஏலக்காயும் மணந்து அந்த மேசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சோறு ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு பருக்கை யாருக்கும் தர மாட்டாள், யாரிடமும் வாங்கவும் மாட்டாள். நாங்கள் எல்லாம் பெட்டிகளை நடுவில் தள்ளி எல்லார் கறியிலும் கைவைத்துச் சாப்பிடும்போது, அவள் மேசையின் நுனியில் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

"இப்பிடி ஆரு ஆக்குற?" என்று கேட்டால், "வீட்ட" என்பாள்.

அதற்கு மேல் ஒரு சொல் வராது. சோறு ஆக்கியவரின் பெயரை மறைக்க என்ன இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் பதில் சொல்லாமல் இருக்கும்போது நமக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்.

ஆய்வுகூடத்தில் ஒரு பயிற்சி உண்டு. கழுவாத விரலை ஏகரில் அழுத்தி எடுத்து, பிறகு கழுவிய விரலை அழுத்தி, இரண்டிலும் என்ன முளைக்கிறது என்று பார்ப்பது. எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். அவள் லுஹர் தொழுகைக்காக முகம் கைகால் கழுவி வுழு எடுத்துவிட்டு வந்து அந்த விரலை அழுத்தினாள். மறுநாள் பார்த்தால் வுழுச் செய்த விரலின் பக்கத்தில்தான் கூடுதலாக முளைத்திருந்தது. வெறும் தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டிக்கிடப்பவை இளகி வெளியே வரும் என்று விரிவுரையாளர் விளக்கினார். அந்த விளக்கம் வகுப்பறையை விட்டு வெளியே போகவில்லை. வுழு எடுத்தால் ஊத்தை கூடும் என்று ஒருத்தி சொல்கிறாளாம் என்ற கதைதான் போனது. விடுதிப் பிள்ளைகள் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். ஒருத்தி நேரே வந்து கேட்டாள்.

"நீ மார்க்கத்துல கைவைக்கிறியாமே?"

"வுழு தொழுகைக்கு. சவுக்காரம் ஊத்தைக்கு. ரெண்டையும் ஒண்டாக்கினது நான் இல்ல, கதைய கொண்டு திரியிறவங்க."

சொல்லிவிட்டு, அந்தப் பிளேட்டை மறுபடி செய்ய அரைப் பிளேட்டு கேட்டு ஆய்வுகூட உதவியாளரோடு சண்டைக்கு நின்றாள். முதல் பிளேட்டு பொய் சொல்லியிருக்கலாமாம்.

எங்கள் வீட்டில் ராத்தா, என் அக்கா, யோகட் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். மச்சான் வெளிநாடு போனவர் போனவர்தான். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ராத்தா யாரிடமும் கை நீட்டவில்லை. பின்னேரம் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, முந்தின நாள் யோகட்டில் ஒரு கரண்டி எடுத்து பிஸ்மி சொல்லிக் கலந்து, சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி மூடிவைப்பாள். காலையில் தெருவிலுள்ள கடைகளுக்குப் போகும். கோப்பையில் பெயர், படம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊரில் ராத்தாவின் யோகட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் கோப்பைகள்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தன.

இதை நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. யோகட் என்றதும் வீட்டுக்கு வரப்போகிறேன் என்று நின்றாள். வந்தாள். குசினியில் நின்று ராத்தாவைக் கேள்விகளால் துளைத்தாள். பாலை எவ்வளவு நேரம் காய்ச்சுவீர்கள், கரண்டியை எதில் கழுவுவீர்கள், ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடுமா. போய் அந்தக் கதவைத் திறந்து மூடியும் பார்த்தாள். ராத்தா சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எனக்குத்தான் கன்னம் சுட்டது. கடைசியில் ராத்தா ஒரு கோப்பையை எடுத்து நீட்டினாள்.

"நோன்பு ராத்தா" என்றாள்.

அது ஒரு திங்கட்கிழமை. திங்களிலும் வியாழனிலும் விரும்பிப் பிடிக்கும் சுன்னத்தான நோன்புதான் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் திங்களாகவோ வியாழனாகவோ இருந்தது. உம்மா இதைக் கவனித்துவிட்டா.

"அவக்கு வஸ்வாஸ் மகள்" என்றா உம்மா. மனதில் ஷைத்தான் ஊதிவிடும் சந்தேகத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். "வஸ்வாஸ் புடிச்ச ஆக்கள் வீட்ட வந்தா பரக்கத்தும் செழிப்பும் போயிரும். என்னத்தப் பாக்க வாறாளோ, ஆருக்கு என்ன கதை செல்லப் போறாளோ."

உம்மா சொன்னதை நான் மறுத்துப் பேசினேன். ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில் போட்டுவைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது ஓதப்பள்ளி விருந்து. குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகளுக்குப் புதன்கிழமை பகல் சாப்பாடு. எங்கள் விருந்து சஹன் விருந்து. ஒரு பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் குவித்து, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கீழே முற்றத்தில், பெண் பிள்ளைகளுக்கு மேல்மாடியில். பெண்கள் வந்து உட்கார்ந்த பிறகு சஹன் தூக்கும் ஆண்கள் மேலே போய்வருவது அழகில்லை என்று, மேல்மாடிச் சஹன்களைக் காலையிலேயே நிரப்பி, பொலித்தீனால் மூடி, வரிசையாக வைத்துவிடுவார்கள். இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. எல்லோருக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு யோகட். அது ராத்தாவுடையது. அன்றைக்கு விருந்தாளிகள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் சாப்பிடும்போது லுஹர் தொழுகையும் முடிந்து நன்றாக நேரம் போய்விட்டது.

பின்னேரம் வயிறு பிரட்டிச் சத்தி எடுக்கத் தொடங்கிய பிள்ளைகள், இரவானதும் வரிசையாக ஆஸ்பத்திரியில் சேலைனோடு கிடந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. மூச்சுவிட்ட கையோடு ஆளைத் தேடியது. சோறு பள்ளிவாசல் சோறு. இறைச்சி ஒரு ஹாஜியார் சதக்காவாகத் தர்மம் கொடுத்தது. யோகட் மட்டும்தான் ஆம்பிளை இல்லாத வீட்டிலிருந்து வந்தது. வியாழன் காலையில், கடைக்காரர்கள் விற்காத கோப்பைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வாசல் கடப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வந்து ஒரு சொல் சொன்னவர்கள் இல்லை. ராத்தா அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். கையில் மீன் வியாபாரிகள் வைத்திருப்பதுபோல் ஒரு ரெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸ்.

"புதன்கிழமைக் கோப்ப மிச்சம் இரிக்கா ராத்தா?"

ஃப்ரிட்ஜில் இருந்தது. சலாமுக்குப் பிறகு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. கோப்பையைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு போய்விட்டாள். உம்மா கடப்படி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தா.

"மகள், அண்டைக்கு சோறு ஆக்கின ஆள் ஆரு எண்டு தெரியுமா? நிந்தவூரால வந்த சமையல்காரர். இவட வாப்பா."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. மூன்று வருடமாக "வீட்ட, வீட்ட" என்று மறைத்த கதை. எங்கள் குசினியில் அவள் துழாவிக் கேட்ட கேள்விகள். இப்போது வாப்பாவின் தலையிலிருந்து இறக்கி ராத்தாவின் தலையில் வைக்க ஒரு கோப்பை யோகட். நான் ஷோலை எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆய்வுகூடத்தில் தனியாக நின்றாள். யோகட் கோப்பை திறந்திருந்தது. கம்பியை நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"விருந்துக்கு சோறு ஆக்கின உன்ட வாப்பாவா?"

"ஓம்."

"பின்ன ஏன்கா செல்லல்ல?"

"நீ கேக்கல்ல."

"மூணு வருஷமா ஆரு ஆக்குற, ஆரு ஆக்குற எண்டு கேட்டனே."

"வீட்ட எண்டு செல்லித்தானே. வீட்டயும் அவர்தான் ஆக்குற." கம்பி ஆறும்வரை காத்திருந்தாள். "சமையல்காரர்ட மகள் எண்டு தெரிஞ்சா கலியாண வீட்டுச் சோத்தப் பத்தி எல்லாரும் என்னட்டக் கேப்பாங்க. எனக்குப் பொய் செல்ல ஏலா. அதான்."

"இப்ப ராத்தாட யோகட்டுல பிழை வந்தா உன்ட வாப்பா தப்பிருவார்."

"ஓம். தப்பிருவார்."

இதை அவள் மறுப்பாள் என்று நினைத்துச் சண்டைக்கு ஆயத்தமாக வந்தவள் நான். அவள் பிளேட்டைத் திருப்பி, அடியில் நடுக்கோடு போட்டாள். குடலில் வாழும் கெட்ட கிருமிகள் இருந்தால் இளஞ்சிவப்பாக முளைத்துக் காட்டிக்கொடுக்கும் ஏகர் அது.

"இந்தப் பாதியில நான் போடுறன். அந்தப் பாதியில நீ போடு. அதே கோப்பையில இருந்து. என்ட கைய நீ நம்ப மாட்டாய்."

"நம்ப மாட்டன்" என்றேன்.

"நல்லம். நம்பாத."

போட்டோம். மறுநாள் காலைக்கு முன் பிளேட்டு எதுவும் சொல்லாது. அவள் முழங்காலில் நின்று அதைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகளிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாக ஏறினோம். அவள் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"நீங்க எந்த சஹன்ல இருந்த? ஆரோட இருந்த?"

மேலே, மேலே, மேலே. எல்லாம் பெண் பிள்ளைகள். முற்றத்தில் கிடாரத்திலிருந்து சுடச்சுடச் சோறு வாங்கிய ஆண் பிள்ளைகளில் ஒருவனுக்கும் தலைவலிகூட இல்லை. அவர்களும் அதே யோகட்டைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். கடைசியாக ஒரு வீட்டில், எதுவும் ஆகாத ஒரு சின்னப் பெண் பிள்ளை மட்டும் முற்றத்தில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நான் மேல இரிக்கல்ல. அழுதுட்டு நானாவோட கீழ வந்த நான்" என்றாள், தன் அண்ணனைச் சொல்லி.

"யோகட் திண்ட?"

"ரெண்டு திண்ட நான். நானாட பங்கும் என்னட்டத் தந்த."

எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. யோகட் இல்லை. மூடிவைத்த சோறு. தெருவுக்கு வந்ததும் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"முடிஞ்சிதானே. வா, பள்ளி மரைக்கார்ட்டப் போய் செல்லுவம்."

"முடியல்ல. ஒரு புள்ளய வெச்சி என்னத்த செல்ற? எதுக்கும் இன்னொருக்கா..."

"நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி மைக்கில செல்லப் போறாங்களாம், இந்த வீட்டுச் சாமான் வாங்க வேணாம் எண்டு. மைக்கில செல்லிட்டா ராத்தாட பொழப்பு அதோட முடிஞ்சி. நீ இன்னொருக்கா பாத்துட்டே இரு."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "சந்தேகப்படுறதுதான் என்ட வேல. தீர்ப்புச் செல்ற இல்ல."

வாப்பாவைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு அந்த நிமிடம் நிச்சயமாகத் தெரிந்தது. அதன்பிறகு வீட்டுக்கு வரும் வரைக்கும் நான் அவளோடு கதைக்கவில்லை.

கடப்படியில் ஆட்கள் நின்றார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலுள்ள மரைக்காயர் ஒருவரும், பிள்ளைகளின் வாப்பாமார் சிலரும், சும்மா பார்க்க வந்தவர்கள் அதைவிட அதிகமாகவும். உம்மா கதவுக்குப் பின்னால். ராத்தா மட்டும் படியில் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. திருப்பி வந்த பெட்டிகள் அப்படியே கிடந்தன. மரைக்காயர் கெட்ட மனிதரில்லை. குரலை உயர்த்தாமல்தான் கதைத்தார்.

"நாங்க குத்தம் செல்ல வரல்ல மகள். நாலு நாளைக்கு நிப்பாட்டுங்க. பள்ளியிலயும் செல்லிருவம். சனம் பயந்து போய் இரிக்கி."

பிறகு அவர் அவளைக் கண்டார்.

"நீ கெம்பஸ்ல கிருமி படிக்கிற புள்ளதானே? நீ செல்லு. யோகட்டுல கிருமி இரிக்கா, இல்லயா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் போதும். ராத்தா அவளைப் பார்த்த பார்வை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

"இரிக்கி" என்றாள் அவள். "கிருமி இல்லாட்டி அது யோகட்டே இல்ல. வெறும் பால்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பாத்தீங்களா, படிச்ச புள்ளயே செல்லுது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் "யா அல்லாஹ்" என்றா. எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, திருப்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள். மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாள். ராத்தாவிடம் கரண்டி கேட்டாள். கரண்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுப் படியில், ராத்தாவின் காலடியில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

மூன்று வருடத்தில் அடுத்த வீட்டுப் பொருள் ஒன்று அவள் வாய்க்குள் போவதை நான் அன்றுதான் கண்டேன். அவசரமில்லாமல், கோப்பையின் அடியைச் சுரண்டி முடிக்கும் வரைக்கும் சாப்பிட்டாள். அன்று வியாழக்கிழமை. நோன்பாக இருந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

"யோகட் எல்லாப் புள்ளயளும் திண்ட" என்றாள், கரண்டியைப் பிடித்துக்கொண்டே. "வருத்தம் வந்தது மேல இருந்த புள்ளயளுக்கு மட்டும். மேல் சஹன் காலையில நெரப்பி மூடின. அந்தச் சோறு ஆக்கின என்ட வாப்பா. நேத்து ராவு அவர்ட்டயும் கேட்ட நான். சுடச்சுட ஆக்கிக் குடுத்தன், எப்ப மேல போன எண்டு தெரியா எண்டார். அதையும் நான் அப்பிடியே நம்பல்ல."

மரைக்காயரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மரைக்கார், நீங்க மைக்கில செல்லுங்க, வேணாம் எண்டு செல்லல்ல. யோகட்டச் சந்தேகம் எண்டு செல்லுங்க. சோத்தையும் சந்தேகம் எண்டு செல்லுங்க. என்ட வாப்பாட பேரையும் சேத்துச் செல்லுங்க. எல்லாத்தையும் சந்தேகப்பட்டாத்தான் அது சந்தேகம். ஆம்பிள இல்லாத வீட்ட மட்டும் பாத்துச் சந்தேகப்பட்டா அதுக்குப் பேர் வேற."

பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, வெறும் கோப்பையை நீட்டினாள்.

"இன்னொண்டு தாங்க ராத்தா. எதுக்கும் இன்னொருக்கா பாப்பம்."

மரைக்காயர் சிரிக்கவும் முடியாமல் கோபிக்கவும் முடியாமல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். இரண்டாவது கோப்பையையும் அவள் முடிக்கும்வரை நின்றார். பிறகு கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு மைக்கில் இறந்தவர்களைப் பற்றிய இரண்டு மையத்து அறிவித்தலும் ஒரு தொலைந்த ஆட்டுக்குட்டியின் அறிவித்தலும்தான் வந்தன.

ஆட்கள் போனதும் அவள் எழுந்து பின்வளவுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். உண்மையைச் சொல்கிறேன், விரலைப் போட்டுச் சத்தி எடுக்கப் போகிறாள் என்று நினைத்துத்தான் போனேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயமா இரிக்கி கா. பிளேட்டுல என்ன வருமோ தெரியா."

"பின்ன ஏன் திண்ட?"

"பிளேட்டு நாளைக்குத்தான் கதைக்கும். ராத்தாக்கு இண்டைக்குத்தானே தேவ."

நான் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்ற, அவள் முகம் கழுவினாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சஹனில் உட்காருவதற்கு முன்பு அதன் அடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சூடில்லை என்றால் எழுந்துவிடுகிறார்கள். ராத்தாவின் கோப்பைகள் மெல்ல மெல்லக் கடைகளுக்குத் திரும்பின. அவளுடைய வாப்பாவை மட்டும் எங்கள் ஊர் விருந்துகளுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. இதை அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நானும், அவளைப் பின்பற்றி, கேட்டதில்லை.

இதற்கெல்லாம் முன்பு, அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, முதல் பஸ்ஸிலேயே இருவரும் போய், முழங்காலில் நின்று கீழ்த்தட்டிலிருந்து பிளேட்டை எடுத்தோம். அவளுடைய பாதியிலும் ஒன்றுமில்லை, என்னுடைய பாதியிலும் ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், திரும்பவும் மூடிக் கீழ்த்தட்டிலேயே வைத்தாள். இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமாம்.

வெளியே வாகை மரத்தடிச் சீமெந்து இருக்கையில் உட்கார்ந்தோம். வழக்கமான அவளுடைய சோற்றுப் பெட்டி மடியில் இருந்தது. திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பாக்கு எல்லாம் செல்லிட்டாங்க, நான் என்ன கதைச்ச எண்டு. ராவு முழுக்க ஒரு சொல்லும் கதைக்கல்ல. விடிய எழும்பிப் பாத்தா, இதக் கட்டி மேசையில வெச்சிரிக்கார்."

"இப்பவும் அவர்ட சோத்த நம்புறியா?"

"அவர்ட கைய நம்புறன்" என்றாள். "நேரத்தத்தான் சந்தேகம்."

பெட்டியைத் திறந்தாள். நெய்யும் ஏலக்காயும் மணந்தன. பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்திருக்க வேண்டும். அதை மெதுவாகத் தள்ளி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"தின்னு" என்றாள்.

நான் கைவைத்தேன். இரசாயனவியல் படிக்க வந்த நாளிலிருந்து மணத்தை மட்டும் அறிந்திருந்த சோறு. முதல் கவளத்தை நான் மென்று விழுங்கும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான் தன் கையை நீட்டி அதே பெட்டியில் ஒரு கவளம் எடுத்தாள். ஒரு சஹனில் இருப்பதுபோல, பெட்டி வெறுமையாகும்வரை இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

அன்றைக்கு அவள் எனக்கு முதல் கவளம் தந்தது பாசத்தினாலா, பரிசோதனைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.